அக்கரையிலிருந்து ஒரு குரல்

கடல் மனிதரைப் பிரிக்கிறதா, இணைக்கிறதா என்னும் வினா மிகப் பழமையானது. நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவருக்கு அது பிரிப்பதாகவே தோன்றும். நீல நிறத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் சிறு புள்ளிகளைக் கண்டு, அங்கு வாழ்வோர் உலகினின்று ஒதுக்கப்பட்டோர் என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் தீவு மக்களின் வரலாற்றைப் பயிலும்போது உண்மை வேறாக இருப்பதைக் காண்கிறோம். சாலைகளும் பாலங்களும் இல்லாத காலத்தில் கடலே சாலை, படகே வண்டி. அவர்களைப் பிரித்தது கடல் அன்று. வர வேண்டிய படகு வராமற்போனதே அவர்களைப் பிரித்தது.

இவ்வுண்மைக்கு ஸ்காட்லாந்து நாட்டின் தீவுகளைப் போல் தெளிவான சான்று தருவன மிகச் சிலவே. 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் 93. அவற்றில் வாழ்வோர் அனைவரும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இவற்றுள் மேற்குக் கடலில் அமைந்த ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டம் கத்தோலிக்கராகிய நமக்குத் தனிச் சிறப்புடையது. புனித கொலும்பா மறைபரப்பிய அயோனா அங்கேதான் இருக்கிறது. சீர்திருத்தக் காலத்தின் சூறாவளியிலும் பழைய விசுவாசத்தைக் கைவிடாத தென் உயிஸ்ட், எரிஸ்கே, பாரா ஆகிய தீவுகளும் அங்கேதான் உள்ளன. இத்தீவுகளுக்கு இடையே ஓடிய, இன்றும் ஓடுகின்ற ஓடங்களின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அது வெறும் போக்குவரத்தின் வரலாறு அன்று. அக்கரையில் நின்று ஒருவர் அழைக்க, இக்கரையில் இருப்பவர் என்ன செய்தார் என்பதன் வரலாறு அது.

மைக்கூடும் புயலும்

கி.பி. 563ஆம் ஆண்டு. அயர்லாந்து நாட்டுத் துறவி கொலும்பா பன்னிரு தோழர்களோடு கடலைக் கடந்து அயோனாவை அடைந்தார். அவர்கள் ஏறி வந்த படகு, மரச்சட்டத்தின் மீது மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியது. பரிசலின் இனத்தைச் சேர்ந்ததாயினும் நீண்டு கூர்மையான முனை உடையது. அத்தோல் படகை நம்பித்தான் ஒரு நாட்டின் மறைபரப்புப் பணி தொடங்கியது.

அயோனா மிகச் சிறிய தீவு. அதற்கும் மல் என்னும் பெரிய தீவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல் அகலமுள்ள நீரிணை உண்டு. புனிதரின் வரலாற்றை எழுதியவர் அயோனா மடத்தின் ஒன்பதாம் அதிபரான அடம்னான். அந்நூலைப் படிப்போர் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பர். மடத்திற்கு வருவோர் மல் தீவின் கரையில் நின்று உரக்கக் கூவுவார்கள். குரல் கேட்டதும் துறவிகள் படகை ஓட்டிச் சென்று அவர்களை அழைத்து வருவார்கள். வருபவர் பாவியா, மன்னரா, நோயாளியா என்று முதலில் விசாரிக்கும் வழக்கம் இல்லை. கூவியவருக்குப் படகு போகும். அதுவே மடத்தின் ஒழுங்கு.

ஒரு நாள் அவ்வாறு குரல் கேட்டபோது, தம் குடிலில் எழுதிக்கொண்டிருந்த கொலும்பா, கூவுகிறவர் அவ்வளவு நிதானம் உள்ளவர் அல்லர் என்றும், இன்று தம் மைக்கூட்டைக் கவிழ்த்துவிடுவார் என்றும் சொன்னாராம். அவ்வாறே அந்த விருந்தினர் புனிதரை முத்தமிட்டு வாழ்த்த ஆவலோடு விரைந்து வந்தபோது அவருடைய ஆடையின் ஓரம் பட்டு மைக்கூடு கவிழ்ந்ததாம். மை கொட்டும் என்று தெரிந்தும் படகை அனுப்ப வேண்டாமென்று புனிதர் தடுக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. விருந்தோம்பலுக்கு இதைவிட எளிய இலக்கணம் ஏது?

அதே நூலில் இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தம் அடக்கத்திற்கு மக்கள் திரள் வராது, தம் மடத்துத் துறவிகளே அதனை நிறைவேற்றுவர் என்று கொலும்பா முன்னரே கூறியிருந்தார். 597ஆம் ஆண்டு அவர் இறந்தபோது மூன்று பகலும் மூன்று இரவும் மழையற்ற பெருங்காற்று வீசியது. சிறு படகில்கூட எவராலும் நீரிணையைக் கடக்க இயலவில்லை. அடக்கம் முடிந்ததும் காற்று ஓய்ந்தது. அடம்னான் இதனை இறைவனின் செயலாகக் காண்கிறார். அந்தக் கண்ணோட்டத்தோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக் காணலாம். தீவு மக்களுக்குக் காற்று என்பது வானிலைச் செய்தி அன்று. தந்தையின் அடக்கத்திற்குப் போக முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

துடுப்புப் பிடித்த குருக்கள்

1560ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் திருத்தந்தையின் அதிகாரத்தை ஒழித்துத் திருப்பலியையும் தடை செய்தது. மேற்குத் தீவுகளில் பழைய குருக்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். அவர்களுக்குப் பதிலாக எவரும் வரவில்லை. திருமுழுக்கு அளிப்பார் இன்றிப் பிள்ளைகள் வளர்ந்தனர். பலர் பழைய மன்றாட்டுகளில் சிலவற்றை மட்டும் நினைவில் வைத்திருந்தனர். குரல் இருந்தது, படகுதான் வரவில்லை.

அப்படகு பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தே மீண்டும் வந்தது. தீவு மக்களின் மொழியும் ஐரிஷ் மக்களின் மொழியும் ஒரே கேலிக் மொழியின் கிளைகள் ஆதலால், ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவிகள் 1619ஆம் ஆண்டு முதல் இப்பணிக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் 1651ஆம் ஆண்டு புனித வின்சென்ட் தே பவுல் தம் சபையைச் சேர்ந்த டெர்மட் டுக்கன் என்னும் ஐரிஷ் குருவை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார். உயிஸ்ட், பாரா, ஐக், கன்னா ஆகிய தீவுகளில் அவர் பணியாற்றினார்.

தம் வாழ்க்கை முறையைப் பற்றி டுக்கன் அடிகளார் புனித வின்சென்டுக்கு எழுதி அனுப்பிய செய்தி உள்ளத்தை உருக்குவது. தமக்குத் துணையாக இருவரை வைத்திருப்பதாக அவர் தெரிவிக்கிறார். ஒருவர், தீவுக்குத் தீவு போகும்போது தம்மோடு சேர்ந்து துடுப்பு வலிப்பவர். தரையில் நடக்கும்போது திருப்பலிக்குரிய உடைகளையும் சிறு மூட்டையையும் சுமப்பவர். மற்றவர், மக்களுக்குப் பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றைக் கற்பித்துத் திருப்பலியில் உதவி செய்பவர். பெரும்பாலும் நாளைக்கு ஒரு வேளை உணவு. அதுவும் ஓட்ஸ் அல்லது பார்லி ரொட்டியும் சிறிது பாலாடைக்கட்டியோ உப்பிட்ட வெண்ணெயோதான்.

மறைக்கல்விக்கு ஓர் ஆள், துடுப்புக்கு ஓர் ஆள் என்னும் அந்தக் கணக்கை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். துடுப்பு வலிக்க ஆளில்லையேல் மறைக்கல்வியும் இல்லை, திருப்பலியும் இல்லை. படகோட்டியின் கைவலிமை நற்செய்திப் பணியின் ஒரு பாகமாகவே இருந்தது. 1657ஆம் ஆண்டு, பப்பே என்னும் இன்னொரு தீவுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில் டுக்கன் அடிகளார் உயிஸ்டில் உயிர் துறந்தார். அவரோடு துடுப்பு வலித்தவரின் பெயரை வரலாறு பெரிதாகப் பேசவில்லை. இறைவனின் ஏட்டில் அது இருக்கும் என நம்புவோம்.

கொண்டு போன கப்பல்கள்

படகு எப்போதும் நன்மையையே கொண்டு வந்தது என்று சொல்வதற்கில்லை. கொண்டு வந்த கடலே கொண்டு போகவும் செய்தது. 1770ஆம் ஆண்டையொட்டித் தென் உயிஸ்டில் பாய்ஸ்டேல் பகுதியின் நிலக்கிழார் தம் கத்தோலிக்கக் குடியானவர்களைச் சமயம் மாறும்படி வற்புறுத்தினார். அவர் மஞ்சள் தடியால் மக்களைக் கோவிலுக்கு ஓட்டினார் என்று தீவின் மரபு கூறும். மறைந்து வாழ்ந்த ஆயர்கள் பொருள் திரட்டினார்கள். கிளெனலடேல் என்னும் ஊரின் ஜான் மெக்டொனால்டு தலைமை தாங்கினார். 1772ஆம் ஆண்டு அலெக்சாண்டர் என்னும் கப்பலில் ஏறத்தாழ 210 பேர் அட்லாண்டிக் கடலைக் கடந்து, இன்று கனடாவிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குடியேறினர். அவர்களுள் ஏறத்தாழ நூறு பேர் உயிஸ்ட் மக்கள்.

அது விசுவாசத்தைக் காக்க மக்கள் தாமே மேற்கொண்ட பயணம். அடுத்த நூற்றாண்டில் நடந்ததோ வேறு. உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வாட்டிய பின், 1851ஆம் ஆண்டு, தென் உயிஸ்ட், பெண்பெக்குலா, பாரா தீவுகளின் உரிமையாளரான கர்னல் கார்டன் ஏறத்தாழ 1,700 பேரைக் கனடாவுக்கு அனுப்பினார். லோக்பாய்ஸ்டேல் துறையில் சிலர் வலுக்கட்டாயமாகக் கப்பலில் ஏற்றப்பட்டதாகச் சாட்சிகள் உண்டு. ஆடுகளுக்கு இடம் வேண்டியிருந்தது. மனிதர் இடையூறாக இருந்தனர். இரு முறையும் மக்களைச் சுமந்தது கப்பலே. முதற்கப்பலை மக்கள் அழைத்தனர். இரண்டாவதை அவர்கள் அழைக்கவில்லை. படகு யாருடைய குரலுக்கு வருகிறது என்பதில்தான் நீதியும் அநீதியும் அடங்கியிருக்கின்றன.

நீராவியின் வரவு

1812ஆம் ஆண்டு ஹென்றி பெல் என்பவர் கிளைட் ஆற்றில் காமெட் என்னும் நீராவிக் கப்பலை ஓட்டினார். ஐரோப்பாவில் பயணிகளுக்காக வணிக முறையில் ஓடிய முதல் நீராவிக் கப்பல் அது. கிளைட் ஆற்றங்கரை கப்பல் கட்டும் தொழிலில் உலகப் புகழ் பெற்றது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பலும் 1926ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டதே.

மேற்குத் தீவுகளின் நீராவிப் போக்குவரத்து 1851ஆம் ஆண்டு ஹட்சசன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன் பங்காளர்களுள் ஒருவரான டேவிட் மெக்பிரைன் 1879ஆம் ஆண்டு தம் பெயரிலேயே அதனை நடத்தலானார். ஓபன் நகருக்கு 1880ஆம் ஆண்டிலும், கைல் துறைக்கு 1897ஆம் ஆண்டிலும், மல்லெய்க் துறைக்கு 1901ஆம் ஆண்டிலும் இரயில் பாதை வந்து சேர்ந்தது. இரயில் முடியும் இடத்தில் கப்பல் தொடங்கியது. கடிதம், மாவு, நிலக்கரி, ஆடு மாடு, மணமகள், சவப்பெட்டி ஆகிய அனைத்தும் மெக்பிரைன் கப்பலிலேயே வந்தன. மண்ணுலகு ஆண்டவருடையது எனத் தொடங்கும் இருபத்து நான்காம் திருப்பாடலை அத்தீவினர் வேடிக்கையாக மாற்றி, மேற்குத் தீவுகள் மட்டும் அதற்கு விலக்கு, அவை மெக்பிரைனுடையவை என்று பாடுவதுண்டு. சிரிப்புக்குள்ளே கசப்பும் இருந்தது. ஒரே நிறுவனத்தை நம்பி வாழ்வோர் கட்டணத்தையும் காலத்தையும் தாமே தீர்மானிக்க இயலாதவர்கள்.

கப்பல் வந்தாலும் எல்லாத் தீவுகளிலும் அது கரை சேர்வதில்லை. ஆழமான துறை இல்லாத இடங்களில் கப்பல் கடலில் நிற்கும். உள்ளூர்ப் படகு ஒன்று கரையிலிருந்து சென்று ஆட்களையும் மூட்டைகளையும் மாற்றி ஏற்றிவரும். ஐக், மக் போன்ற சிறு தீவுகளில் இம்முறை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. அலைமேல் எழுந்து தாழும் இரு கலங்களுக்கு இடையே முதியவர் ஒருவர் கால் மாற்றி வைக்கும் அந்தக் கணத்தில், கை நீட்டிப் பிடிப்பவரின் பிடிதான் எல்லாம்.

போக்குவரத்துக் குறைவு எத்துணைப் பெரிய துயரத்தில் முடியக்கூடும் என்பதற்கு 1919ஆம் ஆண்டின் புத்தாண்டு இரவு சான்று. முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய லூயிஸ், ஹாரிஸ் தீவுகளின் கடற்படை வீரர்கள் கைல் துறையில் குவிந்தனர். வழக்கமான அஞ்சல் கப்பலில் அனைவருக்கும் இடமில்லை. ஆகவே அயோலேர் என்னும் கடற்படைக் கலம் அனுப்பப்பட்டது. இருளில் அது ஸ்டோர்னவே துறைமுகத்திற்கு மிக அருகில் பாறையில் மோதிச் சிதைந்தது. 201 பேர் மாண்டனர். போரிலே தப்பியவர்கள் தங்கள் வீட்டு வாசலில் மடிந்தார்கள். ஜான் மெக்லியோட் என்பவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு கரைக்கு நீந்திச் சென்றார்; அக்கயிற்றைப் பிடித்து ஏறத்தாழ நாற்பது பேர் உயிர் பிழைத்தனர். இறந்தோர் பெரும்பாலும் பிரஸ்பிட்டேரியன் சபையினர். ஆயினும் அத்துயரம் அனைவர்க்கும் பொது.

வாழ்ந்த தீவும் மாய்ந்த தீவும்

1878ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஆயர்களின் ஆட்சியமைப்பு மீண்டும் நிறுவப்பட்டபோது, ஆர்கைல் மற்றும் தீவுகள் மறைமாவட்டம் ஓபன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. இன்று ஓபன் துறையிலிருந்து தீவுகளுக்குப் புறப்படும் கப்பலில் நிற்போர், கடற்கரையை ஒட்டி எழுந்து நிற்கும் புனித கொலும்பா பேராலயத்தைக் காண்பார்கள். ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான பயணத்தின் முடிவில் பாராவின் காசில்பே துறையை அடையும்போது, 1888ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கடலின் விண்மீனாம் நம் அன்னையின் ஆலயம் மேட்டின்மீது நின்று வரவேற்கும். பயணத்தின் இரு முனைகளிலும் இரு ஆலயங்கள், இடையே கடல்.

இம்மறைமாவட்டத்தின் குருக்களுள் மறக்க இயலாதவர் அருட்தந்தை ஆலன் மெக்டொனால்டு. 1859ஆம் ஆண்டு பிறந்து ஸ்பெயின் நாட்டு வயடோலிட் நகரில் குருத்துவக் கல்வி பயின்ற அவர், 1884ஆம் ஆண்டு தென் உயிஸ்டின் டாலிபர்க் பங்கிற்கு வந்தார். நீரிணைக்கு அப்பாலிருந்த எரிஸ்கேயும் அவர் கண்காணிப்பில் இருந்தது. நோயாளிகளுக்கு இறுதி அருளடையாளங்களை வழங்க நள்ளிரவிலும் அந்நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. ஓடத்தை அழைக்கக் கரையில் தீ மூட்டுவது ஹெப்ரிடீஸ் நீரிணைகள் பலவற்றில் நிலவிய வழக்கம். குரல் எட்டாத இடத்தில் நெருப்பே குரலாயிற்று. பின்னர் உடல்நலம் குன்றி எரிஸ்கேயிலேயே தங்கிய அவர், அங்கே புனித மிக்கேல் ஆலயத்தைக் கட்டி எழுப்பினார். ஓரிரவு மீன்பாட்டின் வருமானத்தை மீனவர்கள் அதற்கெனக் கொடுத்தார்கள் என்பர். 1903ஆம் ஆண்டு ஆலயம் திறக்கப்பட்டது. ஈராண்டுகளில், நாற்பத்தைந்து வயதில், அடிகளார் இறந்தார். அவ்வாலயத்தில் இன்று பலிபீடத்தைத் தாங்கி நிற்பது உயிர்காப்புப் படகு ஒன்றின் முன்பகுதி. படகின் மீது திருப்பலி நடைபெறும் அந்த ஆலயத்திற்கு அதைவிடப் பொருத்தமான பீடம் வேறு இல்லை.

எரிஸ்கே வாழ்ந்தது. பாராவுக்குத் தெற்கே உள்ள மிங்குலே மாய்ந்தது. அங்கும் கத்தோலிக்கரே வாழ்ந்தனர். அங்கும் கடின உழைப்பு இருந்தது. சிற்றாலயம் ஒன்றும் இருந்தது. இல்லாதது ஒன்றே: பாதுகாப்பாகக் கரையேறும் துறை. குளிர்காலத்தில் வாரக்கணக்காகப் படகு நெருங்க இயலாது. மருத்துவரும் இல்லை, குருவும் இல்லை, அஞ்சலும் இல்லை. மக்கள் துறை வேண்டும் என்று அரசிடம் மன்றாடினார்கள். கிடைத்த ஏற்பாடு பயன்படவில்லை. ஒவ்வொரு குடும்பமாக வெளியேறி, 1912ஆம் ஆண்டோடு தீவு வெறுமையாயிற்று. அவர்களிற் பலர் அண்மையிலுள்ள வேட்டர்சே தீவில் குடியேறினர். மிங்குலேயைக் கடல் அழிக்கவில்லை. அழைப்புக்கு உரிய காலத்தில் பதில் வராததே அதனை அழித்தது.

யாருடைய பொறுப்பு?

படகு விடுவது வணிகமா, கடமையா? இருபதாம் நூற்றாண்டு இவ்வினாவுக்குச் சிறிது சிறிதாக விடை கண்டது. 1964ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகளை ஏற்றும் மூன்று புதிய கப்பல்கள் தீவுகளுக்கு வந்தன. 1973ஆம் ஆண்டு முதல் நாளில் இரு நிறுவனங்கள் இணைந்து, அரசுக்குச் சொந்தமான கலிடோனியன் மெக்பிரைன் தோன்றியது. 2008ஆம் ஆண்டு ஒரு புதிய கட்டண முறை சோதனையாகத் தொடங்கியது. அவ்வளவு தூரம் சாலையில் சென்றால் என்ன செலவாகுமோ, அதனை அடிப்படையாகக் கொண்டே கடற்கட்டணமும் அமைய வேண்டும் என்பதே அதன் கொள்கை. கடலோரம் பிறந்தவன் கடலைக் கடப்பதற்காகத் தண்டனை செலுத்தலாகாது என்னும் நீதி அதில் உண்டு. ஆனால் கட்டணம் குறைந்ததும் கோடையில் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தீவுவாசிக்குச் சில வேளை கப்பலில் இடம் கிடைப்பதில்லை. நன்மை செய்வதிலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இது பாடம்.

சில இடங்களில் ஓடமே தேவையற்றதாயிற்று. 1986ஆம் ஆண்டு வேட்டர்சேயிலிருந்து பாராவுக்கு நீந்திக் கடக்க விடப்பட்ட காளை ஒன்று மூழ்கி இறந்தது. தீவினரின் நெடுநாள் கோரிக்கைக்கு அது வலுவூட்டியது; 1991ஆம் ஆண்டு இரு தீவுகளையும் இணைக்கும் கற்பாதை அமைந்தது. 1995ஆம் ஆண்டு ஸ்கை தீவுக்குப் பாலம் வந்தது. 2001ஆம் ஆண்டு எரிஸ்கேயும் தென் உயிஸ்டும் கற்பாதையால் இணைந்தன. ஆலன் அடிகளார் இருளில் கடந்த நீரிணையை இன்று வண்டியில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.

ஓடம் வேண்டுமா என்பதே வழக்கான இடமும் உண்டு. லூயிஸ் தீவின் பிரஸ்பிட்டேரியன் சகோதரர்கள் ஞாயிறு ஓய்வை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போர். 2009ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று ஸ்டோர்னவேயிலிருந்து முதல் ஞாயிறு சேவை தொடங்கியபோது சிலர் துறையில் மன்றாடி நின்றனர். வேறு சிலர் கைதட்டி வரவேற்றனர். நாம் அவர்களுடைய நிலையை ஏற்காமல் இருக்கலாம். ஆயினும், எல்லா நாளும் ஓடும் உலகில் ஒரு நாளேனும் நிற்க வேண்டும் என்ற அவர்களின் நினைவூட்டலை எள்ளி நகையாடுவது நமக்கு அழகன்று.

மிக அண்மையில் எழுந்த குரல் தென் உயிஸ்டினுடையது. கப்பல்கள் பழையனவாகிப் பழுதடைந்தன. 2015ஆம் ஆண்டு ஏற்பாடு செய்யப்பட்ட இரு புதிய கப்பல்களில் முதலாவது 2018ஆம் ஆண்டு வந்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு சனவரியில்தான் அது அரன் தீவுப் பணியைத் தொடங்கியது. இதற்கிடையே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வேறு தடங்களில் ஏற்பட்ட குறையை ஈடு செய்ய, லோக்பாய்ஸ்டேல் சேவை ஏறத்தாழ மாதம் முழுவதும் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான மக்கள் துறையில் திரண்டு எதிர்ப்பைத் தெரிவித்தனர். 1851ஆம் ஆண்டு தம் முன்னோர் விருப்பமின்றி ஏற்றப்பட்ட அதே துறையில், ஏறுவதற்குக் கப்பல் வேண்டும் என்று அவர்கள் நின்றார்கள். விடுதிக்காரரின் வருமானம் மட்டும் அன்று அவர்கள் கவலை. பிள்ளைகள் ஊரிலேயே தங்குவார்களா என்பதே அவர்கள் கவலை. கப்பல் நிச்சயமில்லாத ஊரில் இளைஞர் வீடு கட்டத் தயங்குவர். மிங்குலேயின் நினைவு இன்னும் அங்கே அழியவில்லை.

சிவப்புப் பலகை

பாய்மரப் படகில் இத்தீவுகளைச் சுற்றி வரும் பயணிகள் ஆண்டுதோறும் உண்டு. சொந்தக் கலம் இருப்பதால் எங்கும் போகலாம் என்றே முதலில் அவர்கள் நினைப்பர். ஆனால் இக்கடலின் நீரோட்டம் வலியது. ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு இடையே கொரிவ்ரெக்கன் என்னும் பெருஞ்சுழி உண்டு. 1947ஆம் ஆண்டு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அங்கே மயிரிழையில் உயிர் தப்பினார். அயோனா நீரிணையிலும் நங்கூரமிட்டு மனநிம்மதியோடு கரையேறுவது எளிதன்று. எனவே பட்டறிவுள்ளோர் பாதுகாப்பான துறையில் தம் படகை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஓடத்தில் ஏறி அடுத்த தீவுக்குப் போய் வருகின்றனர். தன் கலத்தின் தலைவனாக வந்தவன், ஓடத்தில் பால்காரரோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் ஒருவனாக அமர்கிறான். தீவைக் கடலிலிருந்து பார்ப்பது வேறு. தீவு மக்களோடு சேர்ந்து கடலைக் கடப்பது வேறு. 1773ஆம் ஆண்டு இங்கு வந்த அறிஞர் சாமுவேல் ஜான்சனும் புயலால் கோல் தீவில் பல நாள் சிறைப்பட்டு, உள்ளூர்ப் படகுகளின் தயவில்தான் அயோனாவை அடைந்தார். கற்றவருக்கும் கடல் காத்திருக்கக் கற்பிக்கும்.

மல் தீவின் மேற்கே உல்வா என்னும் சிறு தீவு உண்டு. அதற்குக் குறித்த நேர அட்டவணைப்படி ஓடும் கப்பல் இல்லை. இக்கரையில் ஒரு பலகை வைக்கப்பட்டிருக்கும். அதன் மூடியை நகர்த்தினால் சிவப்பு நிறம் தெரியும். அக்கரையில் இருக்கும் படகோட்டி அதனைக் கண்டு படகைச் செலுத்தி வருவார். அடம்னான் காலத்தில் கூவல்; பின்னர் கரையில் மூட்டிய தீ; இன்று சிவப்புப் பலகை. வடிவம் மாறியது, பொருள் மாறவில்லை. ஒருவர் அழைக்கிறார்; ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

கவனித்துக்கொண்டிருத்தல் என்னும் இச்சிறு சொல்லில்தான் முழுப் பொறுப்பும் அடங்கியுள்ளது. படகு இருந்தும் பார்ப்பவர் இல்லையெனில் பயனில்லை. திருத்தூதர் பவுல் துரோவாவில் தங்கியிருந்த இரவில், கடலுக்கு அப்பாலிருந்து மாசிதோனியர் ஒருவர், கடந்து வந்து உதவும்படி வேண்டுவதைக் காட்சியில் கண்டார். உடனே அவரும் தோழர்களும் புறப்பட வழி தேடினர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் உரைக்கிறது. ஐரோப்பாவிற்குள் அவர் எடுத்துச் சென்ற நற்செய்திப் பணியும் இவ்வாறு அக்கரையிலிருந்து வந்த ஓர் அழைப்பில்தான் தொடங்கிற்று. நம் ஆண்டவரும் தம் சீடர்களை அக்கரைக்கு அழைத்துச் சென்றபோது, புயலைத் தவிர்க்கும் வழியை அவர் கற்பிக்கவில்லை. புயலிலும் படகில் உடனிருந்தார்.

திருச்சபையைப் படகுக்கு ஒப்பிடுவது நெடுங்கால மரபு. அவ்வுவமையை நாம் பெரும்பாலும் பாதுகாப்பின் அடையாளமாகவே கொள்கிறோம்: உள்ளே இருப்போர் காப்பாற்றப்படுவர் என்று நிம்மதி அடைகிறோம். ஹெப்ரிடீஸ் தீவுகளின் வரலாறு அதற்கு இன்னொரு பொருளையும் சேர்க்கிறது. ஓடம் தனக்காக மிதப்பதில்லை. துறையில் கட்டிக் கிடக்கும் ஓடம் எவ்வளவு உறுதியானதாயினும் ஓடம் ஆகாது. அக்கரையில் நிற்பவர் நம் மைக்கூட்டைக் கவிழ்க்கக் கூடியவராயிருக்கலாம். நாம் எதிர்பாராத வேளையில் கூவுகிறவராயிருக்கலாம். முதியோர் தனித்திருக்கும் வீடுகளிலும், நம் ஞாயிறு வழிபாட்டிற்கு வரவியலாத நோயாளிகளிடத்திலும், பங்கின் எல்லையில் மறக்கப்பட்ட கிளைக் கிராமங்களிலும் அக்குரல் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனைக் கேட்கும் தொலைவில் நாம் இருக்கிறோமா என்பதையும், கேட்டபின் துடுப்பை எடுக்கிறோமா என்பதையும் ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டறிவோமாக.